மெய்வன்மையும் மெய்யன்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இத்தகைய விழாக்களிலே ஒரு நாயனாரின் வரலாற்றைப் பற்றியோ, ஒரு திருவிழாவின் தத்துவத்தைப் பற்றியோ பேசுவது மரபு. இம்முறை ஒரு விளையாட்டு வீராங்கனையின் மனநிலையைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் பேசுமாறு சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். சமய மேடைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும்.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்துக் கல்லூரியிலே சொற்பொழிவு ஆற்றினார் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதன்பின் சென்னைக்குச் சென்ற சுவாமிகள், கீதையைப் படிப்பதிலும் உதைபந்தாட்டம் ஆடுவதனால் இளைஞர் கடவுளை விரைவில் அணுகலாம் என்னும் கருத்தைத் துணிந்து கூறினார். கீதையைக் குறைத்துப் பேசியதன்று அது. வலிமையற்ற உடம்பிலும் உறுதியற்ற உள்ளத்திலும் கீதை நிற்காது என்பதே அதன் பொருள். திருமூல நாயனாரும், உடம்பை முன்னர் இழிவாக எண்ணியிருந்து, அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்தபின் அதனைப் பேணலானதாகக் கூறுகின்றார். உடம்பைப் பேணுவது ஆணுக்கு மட்டும் உரிய தருமம் என்று அவர் சொல்லவில்லை. இந்த இடத்திலிருந்து எமது பேச்சைத் தொடங்குகின்றோம்.

நமது யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியிலே, புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையிலே பிறந்தவர் செல்வி தர்ஜினி சிவலிங்கம். இலங்கை வலைப்பந்தாட்ட அணியிலே வளையத்துள் பந்திடும் பணியை ஏற்று, உலகம் அறிந்த வீராங்கனையாக விளங்கியவர். அவருடைய உயரம் 208 சென்ரிமீற்றர். நமது பழைய கணக்கிலே ஆறடி பத்து அங்குலம். உலக வலைப்பந்தாட்ட அரங்குகளிலே அவரே மிக உயர்ந்த வீராங்கனையாகப் போற்றப்பட்டார்.

இன்று அந்த உயரத்தை யாவரும் பாராட்டுகின்றனர். ஆனால், அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அதே உயரம் கேலிக்குரிய பொருளாக இருந்தது. பிறருடைய கேலிப் பேச்சுக்களால் தாம் வருந்தியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றார். நமது ஊர்களின் இயல்பை நாம் அறிவோம். ஒரு பெண்பிள்ளை சற்று உயர்ந்து வளர்ந்தால், "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று கேட்கிற வாய்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. கறுப்பென்றும், மெலிவென்றும், பருமனென்றும் சொல்லிப் பிள்ளைகளின் நெஞ்சைச் சுடுகின்ற வாய்களும் அவையே. அந்தச் சொற்களைக் கேட்டுக் கூனிக் குறுகி நடக்கப் பழகிய பெண்கள் எத்தனை பேர்! நிமிர்ந்து நின்றவர் மிகச் சிலரே.

இந்த இடத்திலே நமக்குக் காரைக்காலம்மையாருடைய நினைவு வருகின்றது. நாயன்மார் அறுபத்து மூவருள் பெண்மணிகள் மூவர். அவர்களுள் ஒருவராகிய அம்மையார், உலகம் போற்றும் அழகை வேண்டாமென உதறி, கண்டோர் அஞ்சி ஓடும் பேயுருவை வேண்டிப் பெற்றார். தம்மைக் கண்டு மக்கள் ஓடியபோதும் அவர் தளரவில்லை. இறைவன் தம்மை அறிவானாயின், அறியாதார் கண்ணுக்கு எவ்வாறு தோன்றினால்தான் என்ன என்று எண்ணியதாகச் சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். தலையாலே நடந்து கயிலைக்குச் சென்ற அந்த அம்மையை இறைவன் "அம்மையே" என்று அழைத்தான்.

அம்மையாரோடு இக்காலத்தவர் ஒருவரை ஒப்பிடுவது எமது நோக்கமன்று. அம்மையார் காட்டிய உண்மை இன்றைக்கும் பயன்படும் என்பதே நாம் சொல்லவந்தது. நம்பிக்கையின் முதற்படி, இறைவன் தந்த உடம்பை உள்ளபடி ஏற்றுக்கொள்வதாகும். பிறர் கண்ணாடியிலே தன்னைப் பார்க்கிறவள் ஒருநாளும் நிமிரமாட்டாள். குறையென்று ஊரார் சொன்னதைத் தனக்குக் கிடைத்த கொடையென்று ஒரு பெண் எப்போது கொள்கின்றாளோ, அப்போதே அவள் வெற்றியின் பாதையிலே கால் வைத்தவளாகின்றாள்.

உயரம் இருந்தால் யாருக்கும் இது கைகூடும் என்று சிலர் சொல்வர். அவர்கள் வலைப்பந்தாட்டத்தை அறியாதவர்கள். அதன் வளையம் நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில் இருப்பது. கூடைப்பந்தாட்டத்தில் உள்ளதுபோல, பந்து பட்டுத் திரும்பப் பின்னாலே பலகை கிடையாது. வளையத்தைச் சுற்றிப் பதினாறடி அளவில் ஓர் அரைவட்டம் உண்டு; அதற்குள் நின்றே பந்தை இடவேண்டும். பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடிய நேரம் மூன்று விநாடி மட்டுமே. பந்தோடு ஓடவும் இயலாது. மூன்றடி தூரத்திலே எதிரணிப் பெண் கையை உயர்த்தி மறித்து நிற்பாள். அந்த மூன்று விநாடியிலே பார்வையும் மூச்சும் கையும் ஒன்றாகவேண்டும். உயரம் ஒரு வசதியே. பந்தை வளையத்துள் இடுவது கை. அந்தக் கையைப் பழக்குவது மனம்.

மனம் எவ்வாறு பழகுகின்றது? ஒரே செயலை நாள்தோறும் சலிப்பின்றிச் செய்வதனாலேயே பழகுகின்றது. ஒருநாள் நூறு முறை பந்தை எறிந்தால், மறுநாளும் நூறு முறை எறியவேண்டும். நேற்று நன்றாக வந்தது என்று இன்று விடுதலை இல்லை. இதனைச் சமயத்தார் சாதனை என்பர். நமது வீடுகளிலே தாய்மார் விளக்கேற்றுவதை நினைத்துப் பாருங்கள். மழை வந்தாலும், மனத்திலே கவலை இருந்தாலும், பொழுதுபட்டதும் விளக்கை ஏற்றுகின்றார்கள். இன்றைக்கு என்ன பயன் கிடைத்தது என்று அவர்கள் விளக்கைக் கேட்பதில்லை. பயிற்சியும் அத்தகையதே.

தர்ஜினி அவர்களின் வழிபாடு எத்தகையது என்று அளந்து பேசுவது நாகரிகமன்று. அது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள காரியம். செயலிலே தெரிகின்ற உறுதியைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு. போர்ச் சூழலிலே வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, பெரும்பாலும் சிங்களம் பேசும் பெண்கள் அடங்கிய அணியிலே போய்ச் சேர்ந்தவர். வளையத்தின் அருகே நிற்பவளுக்கு மற்றவர்கள் பந்தை எறிந்து கொடுத்தாலன்றிக் கையில் பந்து வராது. ஆகவே, அந்த இடத்தில் நிற்பவளுக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது. தன் தோழியர்மேலும் நம்பிக்கை வேண்டும். அவர்களுக்கும் அவள்மேல் நம்பிக்கை பிறக்கவேண்டும். மொழி தடுத்த இடத்திலே அந்தப் பந்தே மொழியாயிற்று என்று சொல்லலாம். 2009இலும், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018இலும், மறுபடி 2022இலும் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, அந்த வெற்றிகளிலே ஈவினைப் பெண்ணின் கைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும், அவரைப் பற்றி நாம் உங்கள் உள்ளத்திலே பதிக்க விரும்புவது இந்தக் கிண்ணங்களையன்று. 2019ஆம் ஆண்டு இங்கிலாந்திலே லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. பதினாறு நாடுகள் பங்குபற்றின. அப்போட்டியிலே உலகத்திலுள்ள வீராங்கனைகள் யாவரையும்விடக் கூடுதலாகப் பந்தை வளையத்துள் இட்டவர் தர்ஜினி. அவர் இட்டவை 348. அப்போது அவருக்கு வயது நாற்பது. இலங்கை அணி எத்தனையாம் இடத்தைப் பெற்றது தெரியுமா? பதினைந்தாம் இடம்.

இதனைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் தன் அணி தோற்றுக்கொண்டிருக்கையிலே ஒரு பெண் நின்று தன் கடமையைச் செய்கின்றாள். எதிரணி முன்னே போய்விட்டது; இனி வெல்ல இயலாது என்பது யாவர்க்கும் தெரியும். அப்போதும் அடுத்த பந்து வருகின்றது. அதையும் முதற் பந்தை இட்ட அதே கவனத்தோடு இடுகின்றாள். பயனிலே பற்று வையாது கடமையைச் செய் என்று பகவான் அருச்சுனனுக்கு உபதேசித்ததை நாம் வகுப்புக்களிலே படிக்கின்றோம். அது எவ்வாறிருக்கும் என்று கண்ணாலே காண விரும்புவோர், தோற்றுக்கொண்டிருக்கும் அணியிலே ஒழுங்காகப் பந்திடும் அந்தக் கையைப் பார்த்தாற் போதும்.

அப்பர் சுவாமிகள் திருப்புகலூரிலே உழவாரப் பணி செய்தபோது, புல்லைச் செதுக்கிய இடத்திலே பொன்னும் மணியும் கிடந்தன. சுவாமிகள் அவற்றைக் கல்லோடும் புல்லோடும் சேர்த்து வாரிக் குளத்திலே எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். பதக்கத்தைக் குளத்திலே எறியவேண்டும் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை! பொன் வந்தாலும் வராவிட்டாலும் உழவாரம் கையை விட்டு நீங்கலாகாது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

தோல்வியைப் பற்றிப் பேசும்போது கேரளத்து வீராங்கனை பி. ரி. உஷா அவர்களை மறக்கமுடியாது. கோழிக்கோட்டுப் பக்கத்துப் பய்யோலி என்னும் கடற்கரைச் சிற்றூரிலே வளர்ந்தவர். நம்பியார் என்னும் ஆசிரியர் அவரை இளமையிலேயே கண்டு பயிற்றினார். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியிலே 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் ஓடினார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் ஓடிய நேரம் 55.41 விநாடி. உஷா ஓடிய நேரம் 55.42. விநாடியை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூற்றாலே பதக்கத்தை இழந்தார். கண் இமைக்கும் நேரம் அதனிலும் பலமடங்கு நீண்டது. அந்நாட்களிலே தமக்குப் பழகிய உணவு அங்கே கிடையாமல், கஞ்சியும் மாவடு ஊறுகாயுமே உண்டு ஓடியதாகப் பின்னாளிலே அவர் சொல்லியிருக்கின்றார்.

இருபது வயதுப் பெண் அந்த ஒரு கூற்றை எண்ணி வீட்டின் மூலையிலே உட்கார்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் உட்காரவில்லை. அடுத்த ஆண்டு, 1985இலே, ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் ஐந்து தங்கப் பதக்கங்களைப் பெற்றார். 1986இலே சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தங்கங்களைப் பெற்றார். ஓட்டத்தை விட்டபின், ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவதற்கென ஒரு பள்ளியை நிறுவினார். தனக்குக் கிடையாத அந்த ஒரு கூற்றைப் பிறர் பிள்ளைகளுக்குத் தேடிக் கொடுக்க முனைந்தார். தோல்வியை வேள்வியாக மாற்றுவது இதுவேயாகும்.

அந்த லொஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டத்திலே முதலிடம் பெற்றவர் மொறோக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில். பெண்கள் ஓடுவதைப் பெரிதும் விரும்பாத சமூகத்திலே, தந்தையார் தந்த ஊக்கத்தினால் ஓடிய இஸ்லாமியப் பெண் அவர். அவர் வென்ற செய்தி கேட்ட அந்நாட்டு மன்னர், அன்று பிறந்த பெண்குழந்தைகளுக்கு நவால் என்று பெயரிடுமாறு அறிவித்தார் என்பர். ஒரு பெண் ஓடியதனாலே ஒரு நாட்டின் பார்வையே மாறியது. சமயம் வேறாயினும் நாம் கற்கவேண்டிய செய்தி இதிலே உண்டு.

இனி, நம்பிக்கை என்பதைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நம்மிற் பலர் நம்பிக்கை என்பதை நேர்த்தி வைப்பது என்றே எண்ணிக்கொள்கின்றோம். "அம்மாளாச்சி, வெற்றியைத் தா, நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கின்றேன்" என்கின்றோம். எதிரணிப் பிள்ளையும் அதே அம்மனிடம் அதே நேர்த்தியை வைத்திருந்தால் அம்மன் என்ன செய்வாள்? நேர்த்தி வைப்பது பிழையென்று நாம் கூறவரவில்லை. அது எளிய மக்களின் அன்பு. ஆனால், அது பண்டமாற்றாக முடிந்துவிடக் கூடாது. "பயத்தை நீக்கு, நான் பழகியதை மறவாமல் செய்ய அருள், தோற்றாலும் சிறுமை அடையாமல் காப்பாற்று" என்று வேண்டுகிற பிள்ளைக்கு வெற்றி தோல்வி இரண்டிலும் அம்மன் துணை நிற்பாள். அவ்வாறு வேண்டிய வேண்டுதல் ஒருபோதும் வீணாவதில்லை.

அன்பர்களே, இவ்வளவும் வெளியூர்க் கதைகள். நமது தீவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சினால் பயனில்லை.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய ஊர்களிலிருந்து 1990, 1991ஆம் ஆண்டுகளிலே மக்கள் இடம்பெயர்ந்ததையும், போனவர்களிற் பலர் திரும்பாததையும் நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகள் இன்று நம்மிடையே பல. வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். சிறிய பாடசாலையொன்றிலே அந்த வயதிலுள்ள பெண்பிள்ளைகள் யாவரையும் சேர்த்தாற்கூட ஏழு பேர் தேறுவது அரிது. அவர்களுள் ஒருத்தியை, "பெரியபிள்ளை ஆகிவிட்டாள், இனி ஓட்டமும் பந்தும் எதற்கு?" என்று வீட்டார் மறித்தால், அன்றைக்கு நின்றுபோவது அவள் ஒருத்தியின் ஆட்டமன்று. மற்ற ஆறு பேருடைய ஆட்டமும் நின்றுபோகின்றது. பெரிய பட்டினத்திலே ஒரு தாய் "வேண்டாம்" என்றால் வேறொரு பிள்ளை அவ்விடத்துக்கு வருவாள். நமது தீவிலே வேறொரு பிள்ளை இல்லை. ஆகவே, நமது தாய்மாருடைய ஒரு சொல்லுக்கு மற்ற இடங்களில் இல்லாத கனம் உண்டு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி வலயப் போட்டிக்குப் போகவேண்டுமாயின், விடியுமுன் எழுந்து, படகேறி, கடல் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, பின் பேருந்தைப் பிடிக்கவேண்டும். கச்சான் காற்று வீசிக் கடல் கொந்தளித்தால் அன்றைய பயணம் இல்லை. படகிலே தலைசுற்றி வாந்தியெடுத்த பிள்ளை, இறங்கிய கையோடு ஓட்டக் கோட்டிலே நிற்கின்றாள். அவள் மூன்றாம் இடம் பெற்று வந்தாலும், "முதலாம் பிள்ளை யார்?" என்று கேட்பதே நமது வழக்கம். அவள் கடந்த கடலைக் கணக்கிலே சேர்ப்பவர் யார்?

பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. பொழுதுபட்டபின் பிள்ளை தனியே வரும் ஒழுங்கை, வெளிச்சமில்லாத வெளி, வெறும் வீடுகள் நிறைந்த தெரு, இவற்றை நினைத்து அஞ்சுவது தாயின் இயல்பு. அந்த அச்சத்தைக் கண்டித்துப் பேசுவதனாலே அது நீங்காது. காவல் அமைத்தால் நீங்கும். ஆகவே, இச்சங்கத்தாருக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, சங்கத்தின் விளையாட்டு வெளி கிழமையிலே இரண்டு மாலை வேளைகளிலாவது பெண்பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்படட்டும். அந்நேரத்திலே இளைஞர்கள் உதைபந்தை வைத்துவிட்டு விலகி நிற்பது அவர்களுடைய வீரத்துக்குக் குறைவாகாது. இரண்டாவது, பத்தடி இரும்புக் குழாய் இரண்டும் வளையம் இரண்டும் பெருஞ் செலவன்று. ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கு போதும். மூன்றாவது, பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடுவதற்கு மூத்த அங்கத்தவர்களும் தாய்மாரும் முறைவைத்துச் செல்லட்டும். கோயிலுக்கு முறைவைத்துப் பூக் கட்டிக் கொடுக்கும் நமக்கு இது புதிய பழக்கமன்று. நயினாதீவு அன்னதான மண்டபத்திலே எத்தனை கைகள் கூலியின்றி வேலை செய்கின்றன! அதே தொண்டுணர்ச்சி திடலுக்கும் வரட்டும்.

பெரியோர்களுக்கு ஒரு சொல். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்த பின்னர், 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டிலே நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் கலந்துகொண்டு இரண்டு தங்கப் பதக்கங்களைப் பெற்று வந்தார். ஆகவே, "எங்கள் காலத்திலே பெண்கள் இப்படி ஓடவில்லை" என்று இனி யாரும் சொல்வதற்கில்லை. உங்கள் காலத்தவரே ஓடிக் காட்டிவிட்டார். உங்களை ஓடும்படி நாம் கேட்கவில்லை. ஓடுகிற பிள்ளையைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். அதுவும் முடியாதாயின், கேலியை மட்டும் விட்டுவிடுங்கள். கேலி ஒரு நாளிலே மறந்துபோகும் என்று சொல்பவர் எண்ணுகின்றார். கேட்டவள் அதனை ஆயுள் முழுவதும் சுமக்கின்றாள்.

இளம் பெண்மணிகளே, உங்களுக்கே இறுதியாகச் சொல்கின்றோம். உங்களுள் யாவரும் ஒலிம்பிக் திடலுக்குப் போகப்போவதில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலிலே தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தபோது யாழ்ப்பாணமே மகிழ்ந்தது. அத்தகைய நாள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால், நிமிர்ந்து நடப்பது எல்லோருக்கும் வாய்க்கும். தோற்ற ஆட்டத்திலும் கடைசிப் பந்தைக் கவனமாக இடுவது எல்லோருக்கும் வாய்க்கும். அந்தப் பழக்கம் திடலோடு முடிவதில்லை. பரீட்சையிலே தவறியபோதும், வீட்டிலே நோய் வந்தபோதும், கடல் கடந்த ஊரிலே மொழி தெரியாமல் நிற்கும்போதும் அது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். இறைவன் உங்களுக்குத் தந்த உடம்பு எதுவோ, அதுவே உங்கள் கோயில். அதனைப் பிறர் வாய்க்கு அஞ்சிப் பூட்டிவைக்காதீர்கள்.

வருகின்ற ஆண்டு விழாவிலே இத்தீவகத்துப் பெண்பிள்ளைகள் எழுவர், இச்சங்கத்தின் வெளியிலே பழகிய அணியாக, இம்மேடையிலே வந்து நிற்கவேண்டும் என்பது எமது பேரவா. அவர்கள் கிண்ணத்தோடு வந்தாலும் சரி, கிண்ணமின்றி வந்தாலும் சரி, எழுவராக வரட்டும். அதற்கு நயினை நாகபூஷணி அம்மன் திருவருள் புரிவாளாக.